கோபன்ஹேகனில் ஒரு நார்டிக் விருந்து: முதலில் பாரில் உட்காருங்கள்

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோபன்ஹேகனுக்கு வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு விஷயம் கேட்பார்கள். குளிருக்கு என்ன எடுத்து வரணும் என்பது ஒன்று. "அந்த நார்டிக் ரெஸ்டாரன்ட்ல ஒரு நாளாவது சாப்பிடணும், எப்படிப் போறது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு உட்கார வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன். இந்த ஊரில் குடியேறிய பிறகு எனக்கு மனசுக்கு நெருக்கமாகிப்போனது வட ஐரோப்பிய நாடுகளின் இந்த நார்டிக் சமையல்தான். செலவும் அதிகம், அந்தச் செலவுக்கு முழுப் பலன் கிடைக்க வேண்டும் என்கிற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் முதல் யோசனை இது: சாப்பாட்டு மேஜைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் காக்டெய்ல் பாரில் உட்காருங்கள். குடிக்கிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மேஜையில் பதினைந்து, இருபது சின்னச் சின்ன உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றிலும் நாம் கேள்விப்படாத ஒரு பழம், ஓர் இலை, ஒரு கடல்பாசி இருக்கும். பெயரைக் கேட்டு மனதில் வாங்குவதற்குள் தட்டு காலியாகிவிடும். பாரிலோ அதே பொருள்கள் ஒரு கிளாஸில் ஒன்றிரண்டாக வரும். எதிரில் நிற்பவரிடம் "இது என்ன, எங்கே விளையுது?" என்று நிதானமாகக் கேட்கலாம். இங்குள்ள பார்காரர்கள் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கொடுப்பார்கள். அங்கே பழகிய நாக்கோடு மேஜைக்குப் போனால் சாப்பாடு வேறு மாதிரி ருசிக்கும்.

இந்தச் சமையலைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். 2004-ல் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து முதலிய பகுதிகளைச் சேர்ந்த 12 சமையற்கலைஞர்கள் கோபன்ஹேகனில் கூடி, பத்து அம்சங்கள் கொண்ட ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்னின்றவர் கிளவுஸ் மேயர். அவரும் சமையற்கலைஞர் ரெனே ரெட்ஸெபியும் 2003-லேயே கோபன்ஹேகனில் நோமா என்ற உணவகத்தைத் தொடங்கியிருந்தார்கள். இந்தக் குளிரிலும் மண்ணிலும் கடலிலும் எது சிறப்பாக வருகிறதோ அதைக் கொண்டு சமைக்க வேண்டும், பருவம் தட்டில் தெரிய வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். அதுவரை இங்கே பெரிய விருந்து என்றால் பிரெஞ்சு, இத்தாலியச் சமையல்தான்.

இதை அப்படியே பின்பற்றினால் எலுமிச்சம்பழமும் ஆலிவ் எண்ணெயும் சமையலறையை விட்டு வெளியேற வேண்டும். அப்புறம் புளிப்புக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு அவர்கள் தேடிய விடைகள்தான் நார்டிக் சமையலின் பாதி. ரூபார்ப் என்ற செடியின் தண்டு, கூஸ்பெரி வகைகள், ஆப்பிள் வினிகர், மோர்த் தெளிவு, புளிப்பான காட்டுக் கீரைகள், சீபக்தார்ன் என்ற ஆரஞ்சு நிறச் சிறு பழம். நம் லடாக்கில் முள்புதரில் விளைந்து 'லே பெர்ரி' என்று ஜூஸாக விற்பதும் இதே சீபக்தார்ன்தான். எறும்புகூட இந்த வரிசையில் உண்டு. நோமா 2012-ல் லண்டனில் சில நாள் விருந்து நடத்தியபோது உயிருள்ள எறும்பைப் பரிமாறியது உலகம் முழுக்கப் பேச்சானது. வேடிக்கை காட்டுவதற்காக வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எறும்பின் உடம்பில் உள்ள ஃபார்மிக் அமிலம் நல்ல புளிப்பு. எலுமிச்சை விளையாத நாட்டில் அது ஒரு விடை.

ஆகவே ஒவ்வொரு வாயிலும் "புளிப்பு எங்கிருந்து வருகிறது?" என்று தேடுங்கள். காரம் இருக்காது, மசாலா இருக்காது. அதைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புளிப்பைத் தேடினால் தட்டு திறந்துகொள்ளும். புளியில் வளர்ந்த நாக்குக்கு இது கைவந்த வேலை. மதுரையிலிருந்து வந்த என் சித்தப்பா, மீன் சாறும் ரூபார்ப்பும் சேர்ந்த ஒரு சூடான கிண்ணத்தைக் குடித்துவிட்டு, "என்னம்மா, ரசம் மாதிரில்ல இருக்கு!" என்றார். பரிமாறியவரிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சமைத்தவரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எந்த இடம்?

கோபன்ஹேகனில் உச்சியில் இருப்பது கெரானியம். கால்பந்து மைதானக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், பூங்கா மரங்களைப் பார்த்தபடி இருக்கிறது. உணவகங்களுக்கான உச்ச மதிப்பீடான மூன்று மிஷலின் நட்சத்திரத்தை 2016-ல் டென்மார்க்கிலேயே முதன்முதலாகப் பெற்ற இடம். அதன் தலைமைச் சமையற்கலைஞர் ரஸ்முஸ் கோஃபோட் 2022 தொடக்கத்திலிருந்து இறைச்சியை முழுக்க நிறுத்திவிட்டார். மீனும் கடலுணவும் காய்கறியும்தான். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாத நம்மவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அல்கெமிஸ்ட் என்பது ரெஃப்ஷலேயன் தீவில், பழைய கப்பல் கட்டும் துறைப் பகுதியில் இருக்கிறது. பெரிய குவிமாடத்தின் அடியில் உட்கார வைத்து, மேலே படங்கள் ஓட, பல மணி நேரம் நடக்கும் நாடகமே அது. முதல் தடவை வருகிறவர்களை நான் அங்கே அனுப்புவதில்லை. ருசியை விடக் காட்சி மனதை நிறைத்துவிடும். கடேயோ எனக்குப் பிடித்த இடம். டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவின் விளைச்சலைக் கோடையில் உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்துச் சேமித்து, குளிர்காலத்தில் வெளியே எடுக்கும் வீட்டுப் பழக்கத்தை விருந்தாக்கியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி உச்சி இடங்களில் சாப்பாட்டுக்கு மட்டுமே ஆளுக்கு ஆயிரக்கணக்கான குரோனர் (டென்மார்க் நாணயம்). மூன்று நட்சத்திர இடத்தில் 4,000-க்கு மேல். ஒரு குரோனர் ஏறக்குறைய 13, 14 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அனுபவத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஹோஸ்ட் போன்ற நடுத்தர இடங்களில் இதே சமையலின் நல்ல வடிவம் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. நோமா முதலில் இருந்த ஸ்ட்ராண்ட்கேட 93-ல், கால்வாய்க்கரைப் பழைய கிடங்குக் கட்டடத்தில், 2017 முதல் பார் என்ற பெயரில் ஓர் உணவகம் இருக்கிறது. பெயரைப் பார்த்து மதுக்கடை என்று நினைக்க வேண்டாம். வடகடல் ஓர நாடுகளின் சாப்பாடும் பியரும் அங்கே விசேஷம்.

புக்கிங்

பெரிய இடங்களில் சினிமா டிக்கெட் போல முன்கூட்டியே முழுப் பணமும் கட்ட வேண்டியிருக்கும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் அடுத்த சில மாதங்களுக்கான மேஜைகளைத் திறப்பார்கள். உணவகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொண்டால் அந்த நேரம் முன்பே தெரியும். காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் கொடுங்கள். பயணம் ரத்தாகிக் கடைசி வாரத்தில் மேஜை விடுபடுவது சகஜம். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது, ஆனால் பெரும்பாலும் வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள்.

இந்திய வங்கி அட்டையில் கட்டுகிறவர்கள் முந்தின நாளே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். மேஜை சில நிமிடங்களில் போய்விடும். அந்த நேரத்தில் ஓடிபிக்கும் வரம்புக்கும் போராடிக்கொண்டிருக்க முடியாது.

எந்த நாள் என்பதிலும் கவனம் வேண்டும். பல இடங்கள் ஞாயிறு, திங்கள் மூடியிருக்கும். ஜூலையில் சில வாரங்கள் ஊரே விடுமுறைக்குப் போய்விடும். வந்து இறங்கிய அன்றே இரவு விருந்து வைத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் இந்தியாவை விட மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் இங்கே பின்தங்கியிருக்கிறது. எட்டு மணிக்கு உட்கார்ந்து நள்ளிரவில் எழுந்தால் உங்கள் உடம்புக்கு விடிகாலை மூன்றரை, குளிர்காலமானால் நாலரை. அதனால் மதிய விருந்து தரும் இடமாக இருந்தால் அதையே எடுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், தூக்கமும் கெடாது.

பருவத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் டென்மார்க்காரர்கள் கல்கடிச்சான் என்று சொல்லும் லம்ப்ஃபிஷ் மீனின் ஆரஞ்சு முட்டையும் லிம்ஃபியோர்டின் தட்டைச் சிப்பியும். ஏப்ரல், மேயில் காட்டுப்பூண்டு இலை எங்கும் மணக்கும். ஜூனில் வெள்ளை ஆஸ்பாரகஸ், புது உருளைக்கிழங்கு, எல்டர்ஃபிளவர், ஸ்ட்ராபெரி. சைவக்காரர்களுக்கு இதை விட நல்ல மாதம் கிடையாது. செப்டம்பருக்குப் பிறகு காளானும் வேட்டை இறைச்சியும்.

எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதைப் புக்கிங்கிலேயே எழுதுங்கள்

இதில்தான் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படவே வேண்டாம். ஒரு தட்டின் சாறு மூன்று நாள் முன்பே தயாராகத் தொடங்கும். வாசலில் நின்று "நான் வெஜிடேரியன்" என்று சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. முன்பே எழுதினால் உங்களுக்கென்று தனிச் சமையலே நடக்கும்.

"மாட்டிறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இங்கே மாட்டிறைச்சியை நொதிக்க வைத்து எடுத்த கரம் என்ற உப்புச்சாறு ஒரு காய்கறித் தட்டில்கூடச் சில துளி விழும். எலும்புச் சாறு, கொழுப்பு, ஜெலட்டின் எல்லாம் கண்ணில் படாமல் இருக்கும். ஆகவே "இறைச்சித் துண்டு மட்டுமல்ல, சாறு, கொழுப்பு, ஜெலட்டின், நொதித்த சாஸ் எதிலும் வேண்டாம்" என்று விரித்து எழுதுங்கள். சைவம் என்றால் மீனும் மீன்சாறும் கூடாது, பாலும் வெண்ணெயும் சரி, முட்டை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் சைவம் என்றால் முட்டை உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்றால் பார்லியையும் சேர்த்துச் சொல்லுங்கள்; இங்கே நொதிக்க வைக்கும் பூஞ்சையை வளர்க்கப் பார்லியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பிணிகள் பச்சை மீனையும் காய்ச்சாத பாலின் சீஸையும் தவிர்க்க வேண்டும், அதையும் எழுதுங்கள்.

பிடிக்காதது வேறு, சாப்பிடக் கூடாதது வேறு. சிப்பி என்றால் முகம் சுளிக்கும் என்பதற்காக அதை நீக்கச் சொல்ல வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இங்குள்ள குளிர்ந்த கடலின் சிப்பி நம் கரையோரத்தில் கிடைப்பதிலிருந்து வேறு.

பாரில் ஒரு மணி நேரம்

உணவகத்திலேயே பார் இருந்தால் மேஜை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். இல்லையென்றால் ஊரில் நல்ல பார்களுக்குக் குறைவில்லை. நைப்ரோகேட 10-ல், கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் ரூபி 2007-ல் தொடங்கியது. ஒரு பழைய வீட்டின் அறைகளில் உட்கார்ந்திருப்பீர்கள். இந்த ஊரின் காக்டெய்ல் பழக்கத்தை மாற்றிய இடங்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஒரு காக்டெய்ல் நூறு குரோனருக்கு மேல்தான். ஆனால் பெரிய விருந்துக்கு வசதிப்படாதவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு கிளாஸும் கொறிக்க ஒரு தட்டும் வாங்கிக்கொண்டு பாரோடு திரும்புங்கள். நார்டிக் ருசியின் சாரம் அதிலேயே கிடைத்துவிடும்.

என்ன கேட்பது? ஆக்வாவிட் உள்ள ஒன்றைக் கேளுங்கள். கேரவே விதை அல்லது சதகுப்பை மணம் மேலோங்கி இருக்க வேண்டும் என்பது இந்த மதுவுக்கு ஐரோப்பியச் சட்டம் விதிக்கும் இலக்கணம், குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால். சதகுப்பை நமக்கு நாட்டு மருந்துக்கடைச் சரக்கு. இங்கே மீன், உருளைக்கிழங்கு, மது எல்லாவற்றிலும் அது பச்சையாக மணக்கும். டென்மார்க்காரர்கள் ஆக்வாவிட்டைப் பெரும்பாலும் நிறமில்லாமல், ஐஸ்குளிர்ச்சியாகக் குடிப்பார்கள். நார்வேக்காரர்கள் உருளைக்கிழங்கில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் ஊறவைத்து, அறை வெப்பத்தில் குடிப்பார்கள். நார்வேயின் லின்யே ஆக்வாவிட்டைப் பழைய ஷெர்ரி பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். டென்மார்க் வகை, நார்வே வகை இரண்டையும் அருகருகே ஒரு சிறு அளவு கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள்.

சாப்பாட்டுக்கு முன் புளிப்பான, லேசான காக்டெய்ல்தான் சரி. "சீபக்தார்ன் இல்லைனா ரூபார்ப் போட்டு, ஆல்கஹால் குறைவா, இனிப்பு குறைவா" என்று சொன்னால் போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முழுக்க மதுவாகவே கலக்கும் கனமான வகைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவை நாக்கை மரக்க வைத்துவிடும். முதல் ஐந்து தட்டுகளின் நுணுக்கம் தெரியாமலே போகும். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

குடிக்காதவர்கள் "ஆல்கஹால் இல்லாமல்" என்று சொன்னால் வெறும் ஜூஸை நீட்டிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. நொதித்த தேநீர், ஸ்புரூஸ் மரத்தின் இளந்தளிர் போட்ட பாகு, வெள்ளரி, மோர்த் தெளிவு என்று அதே அக்கறையோடு கலந்து தருவார்கள்.

மேஜையில்

பசியோடு போங்கள், பட்டினியோடு வேண்டாம். மதியம் லேசாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் நல்லது. நேரத்துக்குப் போவது இங்கே மரியாதை. பதினைந்து நிமிடம் தாமதமானால் ஒரு போன் செய்துவிடுங்கள். உடை பற்றிக் கவலை வேண்டாம், நேர்த்தியாக இருந்தால் போதும். சேலை கட்டிக்கொண்டு போன என் தங்கைக்கு எல்லோரும் தனி அன்பு காட்டினார்கள்.

முதலில் வருபவை கையால் எடுத்துச் சாப்பிடும் சின்ன உருப்படிகள். கரண்டி வைக்கவில்லை என்றால் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். சமைத்தவர்களே தட்டைக் கொண்டுவந்து விளக்குவார்கள். அவர்கள் பேசும்போது போனை எடுக்காதீர்கள். சூடும் குளிரும் நிமிடக்கணக்கில் மாறும் உணவு இது. தட்டில் கல், பாசி, கிளை என்று பல இருக்கும். எது உணவு, எது அலங்காரம் என்று கேளுங்கள். கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

நடுவில் ரொட்டியும் வெண்ணெயும் தனி உணவாகவே வரும். புளிக்கவைத்த மாவு ரொட்டி, புளிக்கவைத்த வெண்ணெய். இரண்டும் அபாரமாக இருக்கும், அள்ளி அள்ளிச் சாப்பிடத் தோன்றும். ஒரு துண்டோடு நிறுத்தி, இன்னொரு துண்டை அடுத்து வரும் சாஸைத் துடைத்துச் சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதை இங்கே பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

குடிப்பதற்கு மூன்று வழி. உணவுக்கு உணவு வைன் மாற்றித் தரும் பேரிங் சாப்பாட்டு விலையில் பாதியையோ அதற்கு மேலுமோ தொட்டுவிடும். இருவர் போனால் ஒருவருக்கு வைன், ஒருவருக்கு ஜூஸ் பேரிங் என்று எடுத்துப் பகிர்ந்துகொள்வதுதான் நான் சொல்லும் வழி. ஜூஸ் பேரிங்கை இந்த ஊர் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறது. செலரி, ஆப்பிள், பீட்ரூட், காட்டுப்பூ எல்லாம் உப்பும் புளிப்புமாக வரும். இனிப்புப் பானம் என்று நினைத்துவிடாதீர்கள். குடிப்பழக்கமே இல்லாத என் சித்தப்பா அதில்தான் சொக்கிப்போனார். மூன்றாவது, ஒரே ஒரு கிளாஸ் மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீரோடு சாப்பிடுவது. அதுவும் கௌரவமான வழிதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தேநீர்ப் பிரியர்கள் ஸ்பார்க்லிங் டீ இருக்கிறதா என்று கேளுங்கள். பல தேயிலைகளைக் கலந்து நுரைபொங்கச் செய்யும் இந்தப் பானம் கோபன்ஹேகனில் வைன் தேர்ந்து பரிமாறும் நிபுணர் (சொமெலியே) ஒருவர் முனைந்து உருவாக்கியது.

"ஸ்கோல்" என்று கிளாஸை உயர்த்தினால் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துக் குடியுங்கள், குடித்துவிட்டும் ஒரு முறை பாருங்கள். அதுதான் இங்குள்ள பழக்கம்.

நடுவில் வயிறு நிறைந்துவிட்டால் "கொஞ்சம் இடைவெளி வேணும்" என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வரலாம். பல இடங்களில் சமையலறையைச் சுற்றிக் காட்டுவார்கள். அவர்களாகச் சொல்லாவிட்டாலும் ஆசை இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜாடிகளில் மாதக்கணக்கில் ஊறும் பூமொட்டும் பைன் காயும் பழமும்தான் எனக்கு மொத்த விருந்திலும் பிடித்த காட்சி.

பில்லும் திரும்பும் வழியும்

பில்லில் 25 சதவீத வரியும் சேவைக்கான தொகையும் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, மனசு நிறைந்தால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு போடுவார்கள், அதிர்ச்சி அடைய வேண்டாம். பில் உங்கள் செலாவணியிலா, குரோனரிலா என்று இயந்திரம் கேட்டால் குரோனரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விலையில் நஷ்டம். கிளம்பும்போது அன்றைய மெனுவை அச்சடித்துத் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், என்ன சாப்பிட்டோம் என்பது மறுநாள் காலையில் பாதி மறந்திருக்கும்.

மெட்ரோ இரவு முழுக்க ஓடுகிறது. ஆனால் ரெஃப்ஷலேயனுக்கு மெட்ரோ கிடையாது; அங்கே சாப்பிட்டால் பஸ் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள், அல்லது கோட்டை எடுக்கும் முன்பே டாக்சி சொல்லச் சொல்லுங்கள். தீவின் காற்று மே மாதத்திலும் எலும்பில் இறங்கும்.